எண்ணெய் பிரியும் வரை

போன மாதம் மகளின் தோழி வீட்டுக்கு வந்திருந்தாள். வெயிலில் வந்த பிள்ளை ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ் கேட்டது. என் மகள் ஃப்ரீசரைத் திறந்து, கையில் அகப்பட்ட ட்ரேயிலிருந்து இரண்டு கட்டிகளைத் தட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டாள். கட்டி கொஞ்சம் மஞ்சளாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஜூஸின் நிறமும் அப்படித்தானே! பாதி டம்ளர் காலியான பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள்: "அங்கிள், நீங்க ஜூஸ்ல கோழி போடுவீங்களா?"

அது நாலு மணி நேரம் அடுப்பில் கிடந்து சுண்டிய கோழி ஸ்டாக், அதாவது எலும்பை வேகவைத்து எடுத்த சாறு. மனைவிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் வேறொரு கவலை: இரண்டு கட்டி போச்சே.

எங்கள் வீட்டு ஃப்ரீசரின் கீழ்த்தட்டு முழுக்க இப்படித்தான் இருக்கும். ஸ்டாக் கட்டிகள், வதக்கிய வெங்காயம், சுண்டிய தக்காளி, இஞ்சி பூண்டு விழுது. வாரநாள் சமையல் என் பொறுப்பு. வேலை முடிந்து ஏழரைக்குச் சமையலறைக்குள் நுழைகிறவனுக்கு வெங்காயம் பொன்னிறமாகும் வரை நின்றுகொண்டிருக்கப் பொறுமை இருக்காது. அதனால் அந்தப் பொறுமையை ஞாயிற்றுக்கிழமையே செலவழித்து, உறையவைத்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஆறு வருடமாக இதுதான் பழக்கம்.

ஆரம்பம் படுமோசம். முதல் தடவை ஸ்டாக் வைத்தபோது மூன்று லிட்டர் தண்ணீரில் எலும்பைப் போட்டு, ருசி பார்த்து, நாலு டீஸ்பூன் உப்பும் போட்டேன். நன்றாக இருந்தது. "இன்னும் சுண்டினால் இன்னும் நன்றாக இருக்குமே" என்று அடுப்பிலேயே விட்டேன். முக்கால் லிட்டராக வற்றியது. வாயில் வைக்க முடியவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு டீஸ்பூன் உப்பு என்றால் ஏறக்குறைய 24 கிராம். முக்கால் லிட்டரில் 24 கிராம் என்றால் லிட்டருக்கு 32. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். கஷ்டப்பட்டு நான் காய்ச்சியது கடல்.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. எட்டாம் வகுப்புப் பாடம்தான். ஆனால் அந்தப் பாத்திரத்தைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து ஸ்டாக்கில் உப்பே போடுவதில்லை. சாப்பிடப் போகிற பாத்திரத்தில்தான் உப்பு.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் சமையலைத் தண்ணீர்க் கணக்காகப் பார்க்க ஆரம்பித்தேன். ஸ்டாக் என்றால் சாறு தண்ணீருக்குள் இறங்க வேண்டும். வெங்காயம், தக்காளி என்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற வேண்டும். உள்ளே விடுவது, வெளியே விரட்டுவது, இரண்டே வேலை.

முதலில் ஸ்டாக். ஃப்ரீசரில் ஒரு பெரிய ஜிப் பை எப்போதும் இருக்கும். கேரட் முனை, வெங்காயத்தின் வேர்ப்பக்கம், காளான் தண்டு, கொத்தமல்லித் தண்டு, தக்காளியின் காம்புப் பகுதி எல்லாம் கழுவி அதில் போகும். பை நிறைந்தால் ஸ்டாக் நாள். இதைச் சொன்னால் சிலர் குப்பையை எல்லாம் போடலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூடாது. கோஸ், காலிஃப்ளவர் போட்டால் கொதிக்கக் கொதிக்கக் கந்தக நாற்றம் கிளம்பும். பீட்ரூட் போட்டால் அப்புறம் எதைச் சமைத்தாலும் ரோஸ் நிறம்தான். உருளைத் தோல் போட்டால் கலங்கிப்போகும். வெங்காயச் சருகு இரண்டு மூன்று போட்டால் நல்ல நிறம் கொடுக்கும், ஒரு கை அள்ளிப் போட்டால் கசக்கும். வாடியது பரவாயில்லை, அழுகியது வேண்டாம்.

காய்கறி ஸ்டாக்குக்கு முக்கால் மணி நேரம் போதும். மீன் முள் என்றால் அரை மணி, அதற்கு மேல் போனால் கசப்பு தட்டும். கோழி எலும்புக்கு மூன்று, நாலு மணி நேரம். எலும்பில் இருக்கும் சுவைக்காக மட்டும் இவ்வளவு நேரம் இல்லை. எலும்பைச் சுற்றியுள்ள தோல், ஜவ்வு, மூட்டு இவற்றில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் கரைந்து ஜெலட்டினாக மாற வேண்டும், அது மெதுவாகத்தான் நடக்கும். மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் ஸ்டாக் தளதளவென்று ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் தண்ணீர் அதிகம், அல்லது வெறும் நெஞ்செலும்பாகப் போட்டிருப்பீர்கள். கோழிக்கால் நாலு சேர்த்தால் நிச்சயம் ஆடும். சூப் குடிக்கும்போது உதடு லேசாக ஒட்டுமே, அது இந்த ஜெலட்டின்தான். கடையில் வாங்கும் ஸ்டாக் க்யூபில் பெரும்பாலும் இது கிடைக்காது. அதில் முதலில் இருப்பது உப்பு. அவசரத்துக்கு நானும் அதைப் போடுகிறவன்தான், மறைப்பானேன்.

பச்சைத் தண்ணீரில் எலும்பைப் போட்டு, சிறு தீயில் மெல்லச் சூடேற்ற வேண்டும். அப்போது புரதம் மெதுவாகத் திரண்டு சாம்பல் நிற நுரையாக மேலே வரும், கரண்டியால் எடுத்துவிடலாம். தளபுளவென்று கொதிக்கவிட்டால் அந்த நுரையும் கொழுப்பும் சேர்ந்து அடித்துக் கலந்து, ஸ்டாக் பால் ஊற்றியது போல வெளுத்துப் போகும். சுவைக்கு ஒன்றும் கேடில்லை, பார்க்கத்தான் அழுக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஒரு நேரத்துக்கு ஒரு குமிழி, அங்கே ஒன்று, இங்கே ஒன்று. அதுதான் அளவு.

நாலு மணி நேரம் நிற்க நேரமில்லை என்றால் குக்கர். உள்ளே அழுத்தம் ஏறும்போது கொதிநிலையே 120 டிகிரி வரைக்கும் போய்விடுவதால் முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். சொல்லப்போனால் குக்கர் பிறந்ததே எலும்புக்காகத்தான். 1679-இல் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் அடைத்த பாத்திரத்தில் நீராவியை அடக்கி, எலும்பை மெத்தென்று ஆக்கும் கருவியைச் செய்தார். நாம் அதில் சாதம் வடிக்கக் கற்றுக்கொண்டோம். குக்கரில் ஸ்டாக் வைப்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்: முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறையுங்கள், முடிந்ததும் விசிலைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். அப்படித் தூக்கினால் உள்ளே அத்தனையும் ஒரேயடியாகக் கொதித்துக் கலங்கும். தானாக இறங்கட்டும்.

வடிகட்டிய பிறகு செய்ய வேண்டியதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சூடான ஸ்டாக்கை அடுப்பு மேடையில் மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போவது ஆபத்து. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் குஷியாகப் பெருகும், பெரிய பாத்திரம் அந்த இடைவெளியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும். நான் சிங்க்கில் தண்ணீர் நிரப்பி, ஐஸ் போட்டு (நிஜ ஐஸ்), அதற்குள் பாத்திரத்தை இறக்கிக் கிளறிவிடுவேன். இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு வர வேண்டும், அடுத்த நாலு மணி நேரத்துக்குள் 5 டிகிரி. ஃப்ரிட்ஜில் மூன்று, நாலு நாள். அதற்கு மேல் ஃப்ரீசர்தான்.

இனி வெங்காயம். இதைப் பற்றிப் பேசினால் நான் கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன்.

"வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும் – ஐந்து நிமிடம்" என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஐந்து நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடியாகும், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் துவளும். விளிம்பு சிவந்தால் அது கருகல், பொன்னிறம் இல்லை. உண்மையிலேயே உள்ளும் புறமும் பழுப்பாக, ஜாம் மாதிரி ஆக வேண்டுமென்றால் ஒரு கிலோவுக்கு ஐம்பது நிமிடத்துக்குக் குறையாது.

காரணம் மறுபடியும் தண்ணீர்தான். வெங்காயத்தின் எடையில் ஏறக்குறைய 89 சதவீதம் தண்ணீர். வாணலியில் தண்ணீர் இருக்கிற வரைக்கும், தீயை எவ்வளவு ஏற்றினாலும் வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பாக்கி மணம் கொடுக்கும் வேலையோ 140 டிகிரி அளவில்தான் மும்முரமாக நடக்கும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து நடத்தும் இந்த வேலையை 1912-இல் விவரித்தவர் லூயி கமில் மயார், அவர் பெயராலேயே மயார் வினை என்கிறார்கள். ஆக, முதல் அரை மணி நேரம் நாம் வதக்கவில்லை. தண்ணீரைத் துரத்திக்கொண்டிருக்கிறோம்.

காதைக் கொடுத்தால் இது தெளிவாகக் கேட்கும். ஆரம்பத்தில் சளசளவென்று மழை பெய்வது போலச் சத்தம். வாணலி விளிம்பில் ஆவி. அரை மணி கழித்து மழை விட்டுத் தூறல். அப்புறம் ஒரு கட்டத்தில் சத்தம் மெலிந்து, சொரசொரவென்று எண்ணெயில் பொரியும் ஓசையாக மாறும். அந்த நொடியிலிருந்து அடுப்பை விட்டு நகரக் கூடாது. அதுவரைக்கும் சோம்பேறியாக இருந்த வெங்காயம், அதற்குப் பிறகு பத்து நிமிடத்தில் கறுப்பாகிவிடும். நான் அந்த நேரத்தில்தான் ஃபோன் எடுத்தேன் ஒரு தடவை. இரண்டு கிலோ.

அடியில் பழுப்பாக ஒட்டத் தொடங்கினால் பயப்பட வேண்டாம். ஒரு கரண்டி தண்ணீரோ ஸ்டாக்கோ ஊற்றிச் சுரண்டினால் அத்தனையும் கரைந்து வெங்காயத்தோடு சேர்ந்துவிடும். நிறமும் சுவையும் அதில்தான் இருக்கிறது. கறுப்பாக ஒட்டியிருந்தால் மட்டும் தொடாதீர்கள்.

சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் சிவக்கும் என்பார்கள். நிஜம்தான், காரத்தன்மை கூடினால் மயார் வினை வேகமெடுக்கும். போட்டும் பார்த்தேன். வெங்காயம் கூழாகிவிட்டது, வாயில் லேசாக சோப்பு ருசி. கிரேவியில் அரைத்து ஊற்றுவதற்கு ஓகே. மற்றதற்கு வேண்டாம்.

போன வாரம் தராசில் வைத்துப் பார்த்தேன். உரித்த வெங்காயம் சரியாக ஒரு கிலோ. வதக்கி முடித்தபோது எண்ணெயோடு சேர்த்து 285 கிராம். மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, "மீதி எங்கப்பா போச்சு?" என்றாள். சிம்னியைக் காட்டினேன்.

தக்காளிக்கு வருகிறேன். "எண்ணெய் பிரியும் வரை வதக்கவும்." இந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை படித்திருப்போம்! அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசித்ததே இல்லை. ஃபோனில் அக்காவிடம் கேட்டேன். "எண்ணெய் பிரியும்டா, தெரியும்டா தம்பி, பாரு" என்றாள். அவளுக்கு அது கண்ணில் இருக்கிறது, வார்த்தையில் இல்லை. நின்று பார்த்த பிறகு எனக்கும் புரிந்தது. தக்காளிக் கூழில் தண்ணீர் இருக்கிற வரை எண்ணெய் அதற்குள்ளேயே சின்னச் சின்னத் துளியாக ஒளிந்துகொண்டிருக்கும். தண்ணீர் போகப் போக, கூழ் இறுகி, ஒளிய இடமில்லாமல் எண்ணெய் ஓரமாகக் கசிந்து வெளியே வரும். பச்சை வாசனை போகிற நேரமும் ஏறக்குறைய அதுதான். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் யாரோ கண்ணையே தெர்மாமீட்டராக்கி வைத்திருக்கிறார்கள்.

தக்காளி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விதையைப் பிழிந்து கொட்டாதீர்கள். நிறையச் செய்முறைகளில் அப்படித்தான் இருக்கும், சாஸ் கெட்டியாக வேண்டும் என்று. ஆனால் தக்காளியின் குளூட்டமேட், அதாவது அந்த நாக்கில் ஊறுகிற சுவை, சதையை விட விதையைச் சுற்றியுள்ள வழவழப்பில்தான் அதிகம். விதை பிடிக்காவிட்டால் சல்லடையில் தேய்த்து வடிகட்டிச் சாற்றை மட்டும் திரும்ப ஊற்றுங்கள். இன்னும் பத்து நிமிடம் சுண்ட வேண்டும், அவ்வளவுதானே.

இந்த ஊறும் சுவைக்குப் பெயர் வைத்தவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா. 1908-இல் கொம்பு என்ற கடற்பாசியை ஊறவைத்த ஸ்டாக்கிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவையை உமாமி என்றார். உலர்ந்த ஷிடாகே காளானில் குவானிலேட் என்று இன்னொன்று இருக்கிறது. இவை இரண்டும் சேர்ந்தால் கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. அதனால் தக்காளி சுண்டும்போது, ஊறவைத்த இரண்டு உலர் காளானையும் அந்த ஊறல் தண்ணீரையும் சேர்க்கிறேன். அடியில் மண் தங்கியிருக்கும், கடைசிக் கரண்டியை ஊற்ற வேண்டாம். கறி சாப்பிடாத விருந்தாளி ஒருவர் இந்தச் சாஸைச் சாப்பிட்டுவிட்டு "இதில் எலும்புச் சாறு இல்லையே?" என்று இரண்டு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார். எனக்குக் கிடைத்த பெரிய விருது அது.

இஞ்சி பூண்டு விழுதுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு பயங்களைத் தவிர. ஒன்று வீண் பயம். அரைத்து வைத்த பூண்டு சில சமயம் பச்சையாகவோ நீலமாகவோ மாறும், எலுமிச்சையோ வினிகரோ பட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். பூண்டின் கந்தகச் சேர்மங்கள் செய்கிற வேலை அது, சாப்பிடலாம். நான் முதல் தடவை முழு டப்பாவையும் கொட்டினேன்.

இரண்டாவது, பயப்பட வேண்டிய பயம். பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைக்காதீர்கள். எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, புளிப்பும் இல்லை. போட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சை உண்டாக்கும் கிருமிக்கு வேண்டியதே அந்த இரண்டும் இல்லாத இடம்தான். நிறம் மாறாது, நாற்றம் வராது. நான் விவரம் தெரியாமல் அழகான கண்ணாடி ஜாடியில் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் காட்சிக்கு வைத்திருந்தவன். ஒன்றும் ஆகவில்லை என்பது என் சாமர்த்தியம் இல்லை. ஃப்ரிட்ஜில் நாலு நாள், இல்லாவிட்டால் ஃப்ரீசர்.

ஒயிட் சாஸை மட்டும் நான் உறையவைப்பதில்லை. மாவு போட்டுக் கெட்டியாக்கிய சாஸ் உருகும்போது தண்ணீர் விட்டுத் திரிந்த மாதிரி ஆகிவிடும். அது பத்து நிமிட வேலைதானே, அப்போதைக்கப்போது செய்துகொள்ளலாம். வெண்ணெய் ஐம்பது கிராம், மைதா ஐம்பது கிராம், பால் அரை லிட்டர். மாவை வெண்ணெயில் இரண்டு நிமிடம் புரட்டிய பிறகே பால், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு மாவுத் துகளுக்கும் வெண்ணெய்ச் சட்டை போட்டுவிட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டாது, கட்டி தட்டாது.

ஃப்ரீசரில் நான் பட்ட அடி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்கைக் கண்ணாடி ஜாடியில் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கி வைத்தேன். காலையில் பார்த்தால் ஜாடி மேலிருந்து கீழே கோடு விட்டிருக்கிறது. தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரியும், அதற்கு இடம் விடவில்லை. முழு ஸ்டாக்கும் கண்ணாடித் துண்டோடு குப்பைக்குப் போனது. இப்போது எல்லாம் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து, கட்டியானதும் பையில் மாற்றிவிடுகிறேன். எங்கள் ட்ரேயில் ஒரு குழிக்கு இரண்டு மேஜைக்கரண்டி, அதாவது முப்பது மில்லி. எட்டுக் கட்டி ஒரு கப். வெங்காயத்தைப் பையில் பரப்பிச் சப்பையாக்கி, கத்தியின் முதுகால் கட்டம் போட்டு உறையவைத்தால் வேண்டிய அளவு சாக்லேட் மாதிரி உடைத்துக்கொள்ளலாம். இது மனைவியின் யோசனை.

நேற்று புதன்கிழமை. ஏழு நாற்பதுக்கு உள்ளே நுழைந்தேன். வெங்காயம் இரண்டு கட்டம் வாணலியில், உருகுவதற்குள் மூன்று கட்டி தக்காளி, ஒரு கட்டி இஞ்சி பூண்டு, வேகவைத்த பருப்பு, ஆறு கட்டி ஸ்டாக். உப்பு அப்போதுதான். எட்டு மணிக்குத் தட்டு போட்டாகிவிட்டது. பருப்பில் ஓரமாக எண்ணெய் பிரிந்து நின்றது, ஞாயிற்றுக்கிழமை பிரிந்த அதே எண்ணெய்.

ஆரஞ்சு ஜூஸ் சம்பவத்துக்குப் பிறகு மகள் எல்லாப் பைக்கும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டியிருக்கிறாள். கோழி ட்ரேயில் "ஐஸ் இல்லை!" என்று சிவப்பு மையில் தனியாக. ஒரு பை மட்டும் மிச்சம். பழுப்பு நிறம், முகர்ந்தால் ஒன்றும் தெரியவில்லை, மூவரில் யாருக்கும் ஞாபகமும் இல்லை. வெங்காயம் என்கிறாள் மனைவி. காளான் ஊறல் என்பது என் கட்சி. சனிக்கிழமை உருக்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம்.